மரப்பாண்டங்களும் சுங்கப் பகுப்பும்

பொருளுக்குப் பெயரிடுதல் புலவர் தொழில் மட்டுமன்று; அரசிறை கொள்வார் தொழிலுமாம். துறைமுகத்தில் வந்திறங்கும் பொதியை இன்னதென்று பெயர் சொல்லாது, அதன்மேல் இத்துணைத் தீர்வை என்று விதித்தல் இயலாது. பெயர் மாறின் தீர்வையும் மாறக்கூடும். ஆதலின், ஒரு மரக்கரண்டிக்குச் சுங்க நூல் இட்ட பெயர் யாது என்பது, அதனைச் செதுக்கிய தச்சனுக்கும் கடல்கடந்து விற்கும் வணிகனுக்கும் ஊதியத்தைத் தொட்ட வினாவேயாகும். மரவேலையிற் பயின்றார் பலர் இவ்வேட்டை வாசிப்பாராகலின், மரத்தாலாய உண்கலங்களும் அடுக்களைக் கருவிகளும் உலகச் சுங்கப் பகுப்பில் இடம்பெற்ற வரலாற்றை ஈண்டுக் கூறப்புகுந்தோம்.

முற்காலத்தே நாடுதோறும் தீர்வைப் பட்டி வேறு வேறாயிருந்தது. இங்கிலாந்தில் 1660-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வெளிவந்த தீர்வைப் புத்தகம் பொருள்களை எழுத்து முறையே அடுக்கியது. எழுத்து முறை அகராதிக்கு நன்று. வாணிகத்துக்கு அத்துணை நன்றன்று. ஓரினப் பொருள்கள் பல ஏடுகளிற் சிதறிக் கிடக்கும். ஒரு நாட்டுக் கணக்கை மற்றொரு நாட்டுக் கணக்கோடு ஒப்பிடவும் வழியிராது. இக்குறை நீக்கவே 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் 29 நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்து, வாணிகப் பொருள் அனைத்தையும் ஐந்து தொகுதிகளாகவும் 186 தலைப்புகளாகவும் வகுத்தன. அது வாணிகக் கணக்குக்கேயன்றித் தீர்வைக்கு அன்று. தீர்வைக்கென ஒரு பொதுப் பகுப்பைச் சர்வதேச சங்கத்தார் ஜினீவாவில் ஆராய்ந்து 1931-இல் வரைந்து 1937-இல் திருத்தினர். அதில் 21 பிரிவும் 86 அதிகாரமும் 991 தலைப்பும் இருந்தன.

போருக்குப் பின்னர், 1950-ஆம் ஆண்டு டிசம்பரில் கையெழுத்தாகி 1959-இல் நடைமுறைக்கு வந்த பிரஸ்ஸல்ஸ் பகுப்பே நம் பொருளுக்கு நேரே உரியது. அதன் 44-ஆம் அதிகாரம் மரத்துக்குரியது. அதனுள் 44.24 என்னும் தலைப்பு மரத்தாலாகிய வீட்டுப் புழங்குபொருள் என்று பெயர்பெற்றது. ஆனால் தட்டங்களும் பழக்கிண்ணங்களும் அங்கே இடம்பெறவில்லை. அணிப்பொருள், பேழை, சிகரெட்டுப் பெட்டி இவற்றோடு சேர்ந்து 44.27-இல் அமர்ந்திருந்தன. பழம் வைக்கும் கிண்ணத்தைச் சிகரெட்டுப் பெட்டிக்கு உறவாக்கியது எமக்கு வியப்பாகவே உளது. மேனாட்டார் மேசையில் அழகுக்கு வைப்பதையே எண்ணி அங்ஙனம் வகுத்தனர் போலும்.

இதனைச் செப்பனிட்டது ஹார்மனைஸ்டு சிஸ்டம் எனப்படும் ஒத்திசைந்த பகுப்பு. இது 1983-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸில் உடன்படிக்கையாகி, 1988-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைபெற்று வருகின்றது. பிரஸ்ஸல்ஸ் பகுப்பைத் தழுவி 1975-இல் சுங்கத் தீர்வைச் சட்டம் இயற்றியிருந்த இந்திய அரசு, 1986-இலேயே இப்புதிய முறைக்கு மாறிக்கொண்டது. இதில் 4419 என்னும் தலைப்பே மரத்தாலாய உண்கலமும் அடுக்களைக் கருவியும் ஆகும். அதன் விளக்கவுரையைப் படிப்போர்க்கு நம் வீட்டு அடுக்களையே கண்முன் தோன்றும். கரண்டி, முட்கரண்டி, கிண்ணம், தட்டம், மா விரிக்கும் கட்டை, பலகார அச்சு, சிற்றுலக்கை, பாக்குவெட்டியை ஒத்த கொட்டை உடைப்பான், காய் அரியும் பலகை, சமையலுக்குரிய அளவுபடி எல்லாம் அங்கே உள. மணப்பொருளிடும் எளிய பெட்டியும் உளது. நம் அஞ்சறைப்பெட்டி அதுவன்றி வேறன்று. மத்தின் பெயர் அங்கே காணப்படவில்லை. எனினும் பயன் நோக்கின் அதுவும் இவ்வினத்துள் அடங்குவதே என்பது எம் கருத்து.

விலக்கப்பட்டனவும் அறியத்தக்கன. பீப்பாய்த் தொழிலாளர் செய்யும் தொட்டி முதலியன 4416-க்கு உரியன. துடைப்பமும் கைச்சல்லடையும் 96-ஆம் அதிகாரத்துக்குப் போம். கரண்டியின் மரப்பிடியைத் தனியே அனுப்பின் அது கரண்டி இனத்தில் நில்லாது 4421-இற் சேரும். உண்கருவிகளை இட்டுவைக்கும் பேழையோ 4420-க்கு உரியது. உள்ளிருக்கும் மரக்கரண்டி ஓரிடம், அதன் உறை வேறிடம்! அன்றியும், ஒரே உணவுப் பந்தியிலுள்ள கலங்கள் செய்பொருளாற் பிரிந்து, பிளாஸ்டிக்காயின் 3924, பீங்கானாயின் 6911, கண்ணாடியாயின் 7013 எனத் திசைக்கொன்றாகச் செல்லும்.

வழக்கு மிகுதியும் எழுவது அழகுக்கும் பயனுக்கும் இடையே. சித்திரவேலை செய்த கிண்ணம் உண்பதற்கோ, பார்ப்பதற்கோ? முதன்மையாக அணிபெறச் செய்ததாயின் அது 4420-இன் அலங்காரப் பொருள். பூவேலை இருந்தும் உணவு பரிமாறத் தக்கதாயின் 4419. செய்தவன் கைத்திறம் மிக மிக, அவன் பொருள் அடுக்களையை விட்டு அலமாரிக்கு ஏறும் அபாயம் உண்டு. இரண்டுக்கும் தீர்வை ஒன்றாயிராத நாட்டில் விலையும் மாறும். தவறான எண் இட்டாலோ சரக்குத் துறையிலேயே தங்கி, தண்டமும் நேரும்.

இனி, மூங்கிலுக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பிரித்தது. அந்நெறியால் மூங்கில் புல்லாகும். இக்காலத் தாவர நூலாரும் அதனைப் புல்லினத்திலேயே வைப்பர். சுங்க நூலோ 44-ஆம் அதிகாரக் குறிப்பொன்றால், மரம் என்று சொன்ன இடமெல்லாம் மூங்கிலும் அடங்கும் என்றது. இயற்கை நோக்கிய பகுப்பன்று அது. தச்சன் கையிற் படும் தன்மை நோக்கியது. யாம் அதனைப் பிழையென்று சொல்லோம். ஆனால் தீங்கு ஒன்று விளைந்தது. 4419 பிளவின்றி ஒரே வரியாய் இருந்தமையால், மூங்கிற் பலகையும் தேக்குக் கிண்ணமும் உலகக் கணக்கில் ஒன்றாய்க் கலந்தன. எத்துணை மூங்கிற்கலம் விற்றது என்று ஆறிலக்க எண்கொண்டு ஒருவராலும் பிரித்தறிய இயலவில்லை. எண்ணப்படாத தொழில் ஆள்வோர் கண்ணுக்குப் புலனாவதில்லை. சீனத்தார் 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், ஒருமுறை உண்டு எறியும் மரக்குச்சிகளுக்கு நூற்றுக்கு 5 வீதம் நுகர்வு வரி விதித்தனர். உள்நாட்டில் அவ்வாறு தனித்து நோக்கப்பட்ட பொருளுக்கு உலகப் பகுப்பில் அப்போது தனி எண் இல்லை.

பிறகு 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் மூங்கிலைப் பிரித்தது. மூங்கில் அரிபலகைகள் 4419.11, மூங்கில் உணவுக்குச்சிகள் 4419.12, ஏனைய மூங்கிற்கலங்கள் 4419.19 ஆயின. தொல்காப்பியர் பிரித்ததைச் சுங்கத்தார் ஒன்றாக்கி, மீண்டும் பிரித்தனர் எனலாம். 2022-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வெப்ப மண்டலத்து மரத்தாலாயவற்றுக்கு 4419.20 என்னும் தனி எண் ஏற்பட்டது. அதனால் தேக்குக் கிண்ணம் இவ்வெண்ணிலும், மத்தியதரைக் கடற்கரை ஒலிவ மரக்கிண்ணம் 4419.90 என்பதிலும் எழுதப்படும். முன்னெல்லாம் மரக்கிண்ணம் என்று எழுதினாற் போதும். இப்போது எம்மரம் என்பதையும் தச்சனைக் கேட்டறிந்தே வணிகன் பட்டியில் எண்ணிட வேண்டும்.