லைன் கொடுத்தவர்களும் எண்ணை அழுத்தச் சொல்லும் குரலும்

அழைத்தவரை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தொலைபேசி இணைப்பகத்தின் ஆதி வேலை. 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாயுடன் சென்னையிலும் இணைப்பகம் திறக்கப்பட்டபோது அந்த வேலையை ஆப்பரேட்டரின் கைகள் செய்தன. 1913-14இல் சிம்லாவில் தானியங்கி இணைப்பகம் வந்தது. ஆலைகளுக்குள்ளோ ஆப்பரேட்டர் பலகை அதற்குப் பின்னும் பல காலம் நீடித்தது.

அதற்குக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையையும் கூடூர் ரயில் பாதையையும் ஒட்டிய ஊர் அது. 1971இல் தொடங்கப்பட்ட தமிழக அரசு நிறுவனமான சிப்காட் பின்னர் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. இத்தகைய பேட்டையின் ஆலை ஒவ்வொன்றிலும் கேட், டைம் ஆபீஸ், ஸ்டோர், டிஸ்பாட்ச், உற்பத்திக் கூடம் என்று உள் இணைப்புகள் பல. வெளி லைன்களோ சில. லாரி வந்துவிட்டதா என்று கேட்பவரை ஸ்டோருக்கும், பில் பாக்கி கேட்பவரை அக்கவுண்ட்ஸுக்கும் ஆப்பரேட்டர்தான் பிரித்து அனுப்ப வேண்டியிருந்தது. அவர் வெறுமனே லைன் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. அழைத்தவரைக் காத்திருக்கச் சொல்லி, யார் எதற்காக அழைக்கிறார் என்று உள்ளே இருப்பவரிடம் தெரிவித்து, அவர் சரி என்ற பிறகே இணைத்தார். எடுக்க ஆளில்லாவிட்டால் அழைப்பு அவரிடமே திரும்பியது. பின்னால் வந்த இயந்திரங்களுக்கு எட்டாமல் நெடுநாள் போக்குக் காட்டியது இந்தப் பக்குவம்தான்.

1984இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், 128 இணைப்புகள் கொண்ட மின்னணு இணைப்பகத்தை வடிவமைத்தது; அதன் கிராமப்புற வடிவம் 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவப்பட்டது. அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் இபிஏபிஎக்ஸ் எனும் தானியங்கி உள் இணைப்பகப் பெட்டிகள் வந்தன. ஆப்பரேட்டருக்குப் பதில் அழைத்தவரை எண்ணை அழுத்தச் சொல்லும் பதிவுக் குரல் வேலை செய்ய இன்னொன்றும் தேவைப்பட்டது. சுழற்று டயலின் துடிப்புகள் உள்ளூர் இணைப்பகத்தோடு நின்றுவிடும். பட்டன் தொலைபேசியின் ஒலிதான் மறுமுனை வரை போகும். அந்த ஒலி பரவலான பிறகே “ஒன்றை அழுத்தவும்” என்ற குரலுக்குப் பொருள் ஏற்பட்டது.

இணைப்பை மாற்றும் இடத்தில்தான் சிக்கல் முளைத்தது. குரல் இயந்திரம் இபிஏபிஎக்ஸுக்கு இன்னொரு எக்ஸ்டென்ஷன் மட்டுமே. அழைப்பை மாற்ற அது லைனை ஒரு கணம் துண்டித்து, எண்ணை டயல் செய்து, பிறகு விலக வேண்டும். அந்தக் கணம் நீண்டால் இபிஏபிஎக்ஸ் போனை வைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும், அழைப்பு அறுந்துபோகும். குறைந்தால் எதுவும் நடக்காது. மறுமுனை மணியடிக்கிறதா, பிஸியா என்பதையும் இயந்திரம் ஒலியை வைத்தே அறிய வேண்டும். இந்தியாவின் மணியொலி 0.4 விநாடி ஒலித்து, 0.2 விநாடி நின்று, மறுபடி 0.4 ஒலித்து, 2 விநாடி ஓய்வது. அமெரிக்காவில் 2 விநாடி ஒலி, 4 விநாடி மௌனம். அந்நாட்டு அளவுகளோடு வந்த கருவியை அப்படியே பொருத்தினால், ஆள் எடுத்ததையும் எடுக்காததையும் அது குழப்பிக்கொள்ளும். பொறியாளர்கள் விநாடியின் பகுதிகளைத் திருத்தித் திருத்தியே இதைச் சரிசெய்தார்கள். பாராட்டுப் பெறாத, ஆனால் அழைத்தவரின் பொறுமையைக் காப்பாற்றிய உழைப்பு அது.

வெளியிலிருந்து வந்த அழைப்பை வெளியூர் அலுவலகத்துக்கே திருப்பினால் ஒரே பேச்சுக்கு இரண்டு வழிகள் அடைபடும். 30 பேச்சுவழிகள் உள்ள டிஜிட்டல் இணைப்பு இப்படி 15 அழைப்புகளில் நிரம்பிவிடும். அழைப்பை இணைப்பகத்திடமே ஒப்படைத்துவிட்டு இயந்திரம் முழுக்க விலகுவதே இதற்கு வழி. இணையவழித் தொலைபேசிக்கு இந்த முறை 2003இல் வரையறுக்கப்பட்டது. அழைத்தவர் எண்ணையும் அவர் அழுத்திய தெரிவுகளையும் ஊழியரின் திரைக்கு அனுப்பும் ஏற்பாடும் பரவியது. ஆப்பரேட்டர் வாயால் சொன்னது இவ்வாறு திரையில் மீண்டது, அவருக்கிருந்த ஆள் பழக்கம் மட்டும் இல்லாமல்.

எண்ணை அழுத்தச் சொல்லும் குரல் பொதுச் சேவைகளிலும் ஒலிக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் உரிய ரயில்வேயின் 139 எண், 2020இல் பல உதவி எண்களை ஒன்றாக்கிக்கொண்டது. 12 மொழிகளில் இயங்கும் அந்தப் பதிவுக் குரலில், பாதுகாப்புக்கும் மருத்துவ உதவிக்கும் 1-ஐ ஒதுக்கினார்கள். அதை அழுத்தினால் அழைப்பு உடனே ஊழியரிடம் போகிறது. மற்ற விசாரணைகளிலும் நட்சத்திரக் குறியை அழுத்தி ஆளோடு பேசலாம்.