எரிக்கப்பட்ட அன்பளிப்பு

மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வசந்த விடுமுறை வருகிறது. நம் மாணவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் அந்நாட்களில், அங்கே குடும்பம் குடும்பமாகத் தலைநகர் வாஷிங்டனைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். 555 அடி உயரமுள்ள வாஷிங்டன் நினைவுத் தூண், லிங்கன் நினைவகம், கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் என்று கால் கடுக்கச் சுற்றிய பின், பலரும் வந்து சேரும் இடம் பொட்டோமாக் ஆற்றை ஒட்டிய ஒரு பெரிய குளக்கரை. அங்கே இலை விடுவதற்கு முன்பே கிளை தெரியாமல் பூத்து நிற்கின்றன ஜப்பானியச் செர்ரி மரங்கள். அவற்றின் அடியில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு, இம்மரங்களுக்கு முன் வந்தவை தீக்கிரையான கதை தெரியும்?

அந்தக் குளத்துக்கு டைடல் பேசின் என்று பெயர். பொட்டோமாக்கின் இப்பகுதியில் கடல் ஓதத்துக்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும். ஆறு வண்டல் படிந்து, சேறாகி நாறியதால் 1880களில் அதைத் தூர்வாரி, அந்த மண்ணைக் கொண்டே கரையை மேடாக்கினார்கள். ஓதம் ஏறும்போது மதகு வழியே குளம் நிரம்பும்; இறங்கும்போது அந்நீர் மறுபக்கத்துக் கால்வாயில் பாய்ந்து வண்டலை அடித்துச் செல்லும். இப்படி உண்டான வெறும் மேட்டு நிலத்தில்தான் செர்ரி மரங்களை நடவேண்டும் என்று 1885ஆம் ஆண்டில் எலைசா சிட்மோர் என்ற எழுத்தாளர் கேட்டார். ஜப்பானுக்குச் சென்று பூக்காலத்தைக் கண்டு வந்தவர் அவர். பூங்கா அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். 24 ஆண்டுகள் ஒருவரும் அவருக்குச் செவிசாய்க்கவில்லை.

1909இல் அவர் குடியரசுத் தலைவர் டாஃப்ட்டின் துணைவியார் ஹெலன் டாஃப்ட்டுக்கு எழுதினார். அவரும் ஜப்பானைப் பார்த்தவர், உடனே இசைந்தார். அப்போது வாஷிங்டனுக்கு வந்திருந்த வேதியியலறிஞர் ஜோகிச்சி தகமினே செய்தியறிந்து, 2,000 மரங்களைத் தம் செலவில் அளிக்க முன்வந்தார். அட்ரினலின் என்னும் சுரப்புப் பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்தவர் இவரே. அன்பளிப்பு டோக்கியோ நகரத்தின் பெயரால் வருவதென முடிவாயிற்று.

1910 ஜனவரி 6ஆம் நாள் மரங்கள் வந்து சேர்ந்தன. வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் வேரையும் பட்டையையும் பரிசோதித்தபோது செதில் பூச்சிகள், வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் நூற்புழுக்கள், தண்டில் கழலை நோய் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தென்பட்டன.

இங்கே இரு நண்பர்கள் எதிரெதிரே நின்றார்கள். டேவிட் ஃபேர்சைல்டும் சார்லஸ் மார்லட்டும் கான்சாஸ் மாநிலத்தில் ஒரே ஊரில் வளர்ந்தவர்கள். ஃபேர்சைல்டுக்கு உலகெங்கும் புதுப் பயிர்களைத் தேடிக் கொண்டுவருவதே பணி. 1906இல் ஜப்பானிலிருந்து 100 செர்ரி மரங்களை வரவழைத்துத் தம் நிலத்தில் நட்டு வெற்றி கண்டவரும் அவரே. மார்லட்டோ பூச்சியியல் வல்லுநர். வெளிநாட்டுச் செடிகளோடு தொற்றி வந்த சான் ஹோசே செதில் பூச்சி பழத்தோட்டங்களை அழித்ததைக் கண்டு, அதன் தாயகத்தைத் தேடி ஜப்பான், சீனா வரை சென்று வந்தவர். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூசணம் 1904இல் நியூயார்க்கின் செஸ்ட்நட் மரங்களில் முதன்முதலாகத் தென்பட்டது. அடுத்த 40 ஆண்டுகளுக்குள் அது கோடிக்கணக்கான மரங்களை வீழ்த்திவிட்டது.

ஆனால் இவை நட்பு நாடொன்று மனமுவந்து தந்த மரங்கள். அவற்றைக் கொளுத்தினால் அவமதிப்பாகக் கருதப்படாதா? டாஃப்ட் தயங்கினாலும் ஆய்வாளர்களின் அறிக்கையையே ஏற்றார். ஜனவரி 28ஆம் நாள் அவர் இசைவளிக்க, நினைவுத் தூணுக்கு அருகிலேயே மரங்கள் குவியல் குவியலாக எரிக்கப்பட்டன. சிட்மோருக்கு நகரில் புகழுண்டு, ஹெலனுக்கும் உண்டு. அந்தப் பூச்சி ஆய்வாளர்களையும் நினைத்துக்கொள்வது தகும் என்பது என் கருத்து.

டோக்கியோ நகர மேயர் யுகியோ ஒசாகி கோபிக்கவில்லை. இம்முறை வேலையை அறிவியலாளர்களிடமே ஒப்படைத்தார்கள். அரகவா ஆற்றங்கரையின் புகழ்பெற்ற மரங்களிலிருந்து குச்சிகளை வெட்டி, தனியே வளர்த்த அடிக்கன்றுகளில் ஒட்டுக் கட்டினார்கள். நம் ஒட்டு மாங்கன்று போலத்தான். தாய்மரத்தின் குணம் பிசகாமல் வரும். 12 வகைகளைச் சேர்ந்த 3,020 கன்றுகள் 1912 பிப்ரவரியில் யோகஹாமாவிலிருந்து கப்பலேறி, சியாட்டிலில் இறங்கி, இரயிலில் மார்ச் 26 அன்று வாஷிங்டன் வந்தன. ஆய்வில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் ஹெலனும் ஜப்பானியத் தூதரின் மனைவியும் முதல் இரு கன்றுகளை நட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் தாவரத் தடைகாப்புச் சட்டம் பிறந்தது. இதே நோக்கத்துடன் இந்தியாவில் 1914இல் ஒரு சட்டம் வந்தது.

வந்த கன்றுகளில் பெரும்பகுதி யோஷினோ என்னும் ஒரே வகை. ஒட்டு வழி வந்தவையாதலால் மரபு ஒன்றே. ஆகவேதான் கரை முழுதும் ஒரே சமயத்தில் பூக்கிறது. அம்மரங்களில் 70 விழுக்காடு பூக்கள் விரிந்த நாளை உச்ச நாள் என்று குறிக்கிறார்கள். 1958இல் அது ஏப்ரல் 18. 1990இல் மார்ச் 15. 2024இல் மார்ச் 17. வசந்தம் முந்தி வருவதால், விடுமுறையை முன்கூட்டித் திட்டமிட்ட குடும்பங்கள் வெறும் இலைகளைக் கண்டு திரும்புவதும் உண்டு.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய சில நாட்களில், யாரோ நான்கு மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அதே போர்க்காலத்தில் அரகவாக் கரையின் தாய்மரங்களும் நலிந்தன. 1952இல் ஜப்பான் உதவி கேட்டபோது, வாஷிங்டன் மரங்களின் மொட்டுக் குச்சிகள் கடல் கடந்து தாயகத்துக்கே திரும்பின.

தூர்வாரிய மண்ணின் மேல் கட்டிய கரைச்சுவர் காலப்போக்கில் அமிழ்ந்துபோனது. ஓதநீர் நடைபாதையில் ஏறி வேர்களை நனைத்தது. சுவரைப் புதுப்பிப்பதற்காக 2024இல் 140க்கும் மேற்பட்ட செர்ரி மரங்களை அகற்றினார்கள். உள்ளீடற்ற தண்டோடு ஆண்டுதோறும் பூத்த ‘ஸ்டம்பி’ என்ற குட்டை மரமும் அவற்றுள் ஒன்று. அதை வெட்டுமுன் அதன் குச்சிகளை எடுத்துத் தேசியத் தாவரப் பூங்காவில் வளர்க்கக் கொடுத்தார்கள்.