வைரத்தின் தரமும் தராசின் உடைமையும்: ஒரு வரலாற்று நோக்கு

வைரம் இயற்கையின் ஆக்கம். வைரத்தின் தரம் சமுதாயத்தின் ஆக்கம். கல்லின் வன்மையும் அது ஒளியை முறிக்கும் ஆற்றலும் பௌதிக இயல்புகள். ஆயின் அவ்வியல்புகளுள் எது சிறப்பு, எது குற்றம், ஒரு குற்றத்துக்கு விலையில் எவ்வளவு குறைக்கலாம், இவற்றைச் சொல்லும் உரிமை யாருக்குண்டு என்பன இயற்கை விடை தந்த வினாக்களல்ல. ஒவ்வொரு காலத்துச் சமூகவுறவுகளும் அவற்றுக்கு வெவ்வேறு விடைகளை வழங்கியுள்ளன. அவ்விடைகளின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவை மடுல்கெல்லவை மனத்திற்கொண்டு எழுப்புவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நக்கிள்ஸ் மலைச்சாரலில், முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்ட அப்பகுதியில் வைரம் விளைவதில்லை. இலங்கைக்குப் புகழ்தந்த இரத்தினம் நீலமே. அதன் முக்கிய நிலைக்களன் இரத்தினபுரி. எனினும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, குடியிருக்கும் லயத்தறைக்கோ காலூன்றும் நிலத்துக்கோ உறுதியின்றிப் பல தலைமுறைகள் வாழ்ந்த மலையக மக்களுக்கு, கையோடு கொண்டுசெல்லத்தக்க சொத்து பெரும்பாலும் நகையாகவே இருந்தது. தோடும் மூக்குத்தியும் அவர்களுக்கு வெறும் அலங்காரமல்ல; கலியாணம், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றின் பொருட்டு அடகுக்கடைக்குச் செல்லும் சேமிப்பு. எனவே, நகையை மதிப்பிடும் அறிவு எவர் கையில் உள்ளது என்பது இங்கு வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

1

வைரத்தின் தரம் பற்றிய பழைய தமிழ்க் குறிப்புகளுள் முதன்மையானது சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் உள்ளது. மதுரையின் மணிக்கடைத் தெருவை வருணிக்கும் இளங்கோ, காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றங்களும் நீங்கிய வைரங்களைக் குறிப்பிடுகிறார். காக்கையின் அடிபோன்ற வெடிப்பு, கறை, புள்ளி, கீற்று என இவற்றை நாம் விளங்கிக்கொள்ளலாம். இன்றைய ஆய்வுகூடங்கள் ‘தெளிவு’ என்னும் தலைப்பிற் பதியும் உட்குறைகளுடன் இவை நெருங்கிய ஒப்புமையுடையன. வணிக அனுபவத்தில் திரண்ட நுண்ணறிவே இவ்வாறு நூலறிவாயிற்று.

ஆனால், அதே பகுதி வைரத்துக்கு நால்வகை வருணமும் கூறுகிறது. வருணம் என்ற சொல் நிறத்தையும் சாதியையும் ஒருசேரச் சுட்டுவது. கி.பி. ஆறாம் நூற்றாண்டினதாகிய வராகமிகிரரின் பிருகத்சங்கிதையில், வெண்கல் பிராமணருக்கும் வாளின் கருநிறமுடைய கல் சூத்திரருக்கும் உரியனவாக வகுக்கப்பட்டன. மண்ணிலிருந்து எடுத்த கல்லும் மனிதரின் படிநிலைக்குள் அடக்கப்பட்டது.

காவியத்தின் கதைப்போக்கு இதனினும் ஆழமான ஓர் உண்மையை உணர்த்துகிறது. மணிக்கடைத் தெருவைக் கண்டு மகிழ்ந்த கோவலன், இரு காதைகள் கழித்துக் கொலையுண்கிறான். விற்க வந்த அந்நியன் அவன்; மதிப்பிடும் தகுதி அரண்மனைப் பொற்கொல்லனுக்கே உரியது. அவன் வாய்ச்சொல் அரச தீர்ப்பாகிறது. வழக்குரை காதையில் கண்ணகி செய்வது, மூடிய சிலம்பைச் சபையிலே உடைத்துப் பரலை எல்லோரும் காணச் செய்வதாகும். மதிப்பீட்டை மறைவிலிருந்து பொதுவிடத்துக்குக் கொணர்ந்த செயல் என இதனை நாம் கருதுகிறோம்.

2

பதினேழாம் நூற்றாண்டிற் கோல்கொண்டாச் சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, 1676இல் வெளியான தமது பயண நூலில் அக்கால மதிப்பீட்டு முறையை விவரித்துள்ளார். ஐரோப்பியர் பட்டை தீட்டாத கல்லைப் பகலொளியில் நோக்க, இந்திய வணிகரோ இரவிலே சுவர்ப்பிறையில் விளக்கேற்றி, விரலிடையே கல்லைப் பிடித்து அதன் நீரோட்டத்தைக் கண்டனர். பேரமும் வாய்பேசாது, துணியின் மறைவிற் கைவிரல்களாலேயே நடைபெற்றது. கல்லைத் தோண்டியெடுத்த தொழிலாளியின் ஆண்டுக் கூலி மூன்று வராகன் மட்டுமே என்பதையும் அவர் பதிவு செய்துள்ளார். தோண்டியவனுக்குத் தரமும் தெரியாது; விலையும் தெரியாது.

3

1867ஆம் ஆண்டு இருவகையில் முக்கியமானது. அவ்வாண்டிற் கண்டிப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டார். அதே ஆண்டிலேயே தென்னாபிரிக்காவில் வைரம் இனங்காணப்பட்டது. இரண்டும் ஒரே ஏகாதிபத்தியச் சந்தைக்கு உரியவையாயின. கிம்பர்லிச் சுரங்கங்களிற் கறுப்பினத் தொழிலாளர் 1880களில் மூடிய முகாம்களுக்குள் அடைக்கப்பட்டுச் சோதனையிடப்பட்டனர். 1888இல் உருவான டி பியர்ஸ் நிறுவனம், வைரம் ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்திலேயே அதனை அரிய பொருளாக நிலைநிறுத்தியது. வைரம் என்றென்றைக்கும் உரியது என்னும் பொருள்பட்ட அதன் விளம்பர வாசகம் 1947இல் எழுந்தது.

றொபேட் ஷிப்லி 1931இல் தொடக்கிய அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் 1950களில் வகுத்த அளவுகோலே இன்று உலகெங்கும் பெருவழக்காயுள்ளது. நிறை, நிறம், தெளிவு, வெட்டு என்னும் நான்கும் அதன் கூறுகள். ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். நிறம் டி முதல் இசட் வரையிலான ஆங்கில எழுத்துகளாற் குறிக்கப்படும். நிறமற்ற கல்லே முதலிடம் பெறும். ஆனால் மஞ்சள் நிறம் இசட்டையும் கடந்து செறிவுற்றால், அது தனிவகையாகிப் பெருவிலை பெறுகிறது. குறையெனப்பட்டதே சிறப்பாகும் இம்மாற்றம் சந்தையின் தர்க்கமேயன்றி வேறன்று. தெளிவு பத்துமடங்கு பெருக்கிக் காட்டும் வில்லையினூடே பதினொரு படிகளாக அளக்கப்படுகிறது. அவற்றுள் மேற்படிகளிடையேயுள்ள வேறுபாட்டை வெறுங்கண்ணாற் காணவியலாது. கண் காணாத வேறுபாட்டுக்கும் வாங்குவோர் விலை கொடுக்கின்றனர். கல்லின் ஒளிர்வைப் பெரிதும் தீர்மானிப்பது வெட்டேயாயினும், வாங்குவோர் பலரும் நிறையையே முதலில் வினவுகின்றனர்.

சாதியால் வகுத்த தரத்தைவிட, எவரும் மீண்டும் சோதிக்கத்தக்க இவ்வளவுகோல் முற்போக்கானது என்பதை மறுத்தலாகாது. ஆனால் அதுவும் வணிகத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட வைரங்கள் பெருகி விலை வீழ்ந்த பின்னர், 2025இல் மேற்படி நிறுவனம் அவற்றுக்கு மட்டும் நிறம், தெளிவு ஆகியவற்றின் நுண்படிகளைக் கைவிட்டு, இரு பொதுத் தரங்களை அறிவித்தது. கல்லின் பௌதிக இயல்பு மாறவில்லை. சந்தையில் அதன் இடமே மாறியது.

4

இலங்கைக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. நிறமற்ற சேர்க்கோன் கல் ‘மாத்தறை வைரம்’ என்ற பெயரில் முற்காலத்தில் வைரத்துக்குப் பதிலாக விற்பனையாயிற்று. வில்லையினூடே நோக்கின், சேர்க்கோனின் பின்புறப் பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தோன்றும்; வைரத்தில் அவ்வாறு தோன்றா. ‘அமெரிக்கன் டயமண்ட்’ எனப்படும் செயற்கைக் கல்லிலும் இவ்விரட்டிப்பு இல்லை. ஆனால் அதே பருமனுள்ள வைரத்தைவிட அது ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் நிறையுடையது. இச்சோதனைகள் எளியன. ஆயினும் கல்லைத் தங்கத்தில் பதித்துப் பின்புறத்தை மூடிவிட்டால் இவற்றை முறையாகச் செய்யவியலாது. மஞ்சட் பொன் கல்லின் மஞ்சட் சாயலையும் மறைத்துவிடும்.

தேயிலைத் தோட்ட மக்களுக்குத் தரப்படுத்தல் புதியதன்று. அவர்கள் கொய்த கொழுந்து தொழிற்சாலையிற் பி.ஓ.பி., டஸ்ட் எனப் பிரிக்கப்பட்டு, 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் விலை பெறுகிறது. கொழுந்தை நிறுக்கும் தராசும் அவர்களுடையதன்று; சுவைத்து விலைகூறும் நாவும் அவர்களுடையதன்று. அக்கூலியிற் சேமித்து வாங்கும் நகையிலும் இதே உறவு தொடர்கிறது. வாங்கும்போது விலையை ஏற்றும் கல், பொன்னின் நிறைக்கே பணம் தரும் அடகுக்கடையிற் கழிவாகிவிடுகிறது.

ஆகவே, தரப்படுத்தலை நிராகரிப்பது தீர்வாகாது. அதன் மீதான ஏகபோகத்தைத் தகர்ப்பதே வேண்டுவது. கல்லைப் பதிக்குமுன் நிறுத்துக் காணவும், வில்லையினூடே நோக்கவும், நான்கு கூறுகளும் இயற்கைக்கல்லா வளர்த்த கல்லா என்ற விவரமும் தன் மொழியில் எழுதிய பற்றுச்சீட்டைப் பெறவும், மீள விற்பின் என்ன விலை என முன்கூட்டியே கேட்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு. தொழிற்சங்கமும் பாடசாலையும் கூட்டுறவுச் சங்கமும் இவ்வறிவைப் பரப்புதல் கடினமன்று. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியது தன் கணவன் இறந்த பின்னரே. மடுல்கெல்லத் தாயொருத்தி தன் மகளுக்குத் தோடு வாங்கும்போதே சோதித்துக் கேட்கும் நிலை வரவேண்டும்.