விரலுக்கு எத்தனை சதவீதம்?

எஸ்டேட் டீக்கடையில் பழைய பிரஸ் ஷாப் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். கிளாஸைப் பிடிக்கிற விதத்திலேயே யாருக்கு எந்த விரல் இல்லை என்று தெரிந்துவிடும். மலருக்கு நம்ம ஊர் வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். கோயில், ஏரி பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறார்கள். நான் விரல்களைப் பற்றி எழுதுகிறேன். என் கையிலும் ஒன்று குறைவு.

ஐம்பதுகளிலேயே அம்பத்தூருக்கு சைக்கிள் கம்பெனி வந்துவிட்டது. ஆவடியில் டாங்க் ஃபேக்டரி. முதல் விஜயந்தா டாங்க் 1965-ல் வெளியே வந்தது. இடையில் 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பெரிய கம்பெனிக்கு வேண்டிய வாஷர், கிளாம்ப், பிராக்கெட் எல்லாம் சின்னச் சின்ன ஷெட்டுகளில் அடித்துக் கொடுத்தார்கள். அந்த ஷெட்டுகளில்தான் பவர் பிரஸ் இருக்கும்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கீழே டை, மேலே பஞ்ச். தகட்டை டை மேல் வைத்து, கையை எடுத்து, பெடலை மிதித்தால் பஞ்ச் இறங்கும். இவ்வளவுதான் வேலை. ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான தடவை இதே வேலை. கை ஒரு தாளத்துக்குப் பழகும், கால் ஒரு தாளத்துக்குப் பழகும். இரண்டும் ஒரே ஒரு முறை பிசகினால் போதும். சில நேரம் மிதிக்காமலே பஞ்ச் இரண்டாவது தடவை இறங்கும். கிளட்ச் தேய்ந்திருந்தால் அப்படி ஆகும். இரண்டு கையாலும் பட்டன் அழுத்தினால்தான் ஓடும் மெஷின் உண்டு. முன்னால் தடுப்பு வைத்ததும் உண்டு. ஆனால் தடுப்பு இருந்தால் பீஸ் எண்ணிக்கை குறையும், அதனால் கழற்றி வைப்பார்கள். 1948 தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான பாகத்துக்கு வேலி போடச் சொன்னது. வேலி மூலையில் சாய்ந்து கிடக்கும்.

எனக்கு 1998-ல் நடந்தது. வலது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.

1923-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருந்தது. கட்டைவிரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்று கணக்கு. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒவ்வொன்றும் 7. ஒரு கையின் நாலு விரலும் போனால் 50. வலது கையா இடது கையா என்று சட்டம் பார்ப்பதில்லை. என் இரண்டு கணுவுக்கு 11. ஈ.எஸ்.ஐ.யிலும் இதே மாதிரி அட்டவணைதான். ஆனால் அங்கே மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பாமல், சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் எடுத்து, அதில் உங்கள் சதவீதத்தைக் கணக்கிட்டு ஆயுள் முழுக்கக் கொடுப்பார்கள். நாள் சம்பளம் 400 என்றால் 90 சதவீதம் 360. அதில் 11 சதவீதம், நாளுக்கு 39 ரூபாய் 60 பைசா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது உண்டு. எனக்குக் கிடைக்கவில்லை. என் பேர் அன்றைக்கு எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை.

பணம் ஒரு பக்கம். பேர் மாறிப்போனதைச் சொல்கிறேன். அதுவரை நான் இன்னார் மகள், பிரஸ்ஸில் வேலை செய்கிற பொண்ணு. அதற்கப்புறம் "அந்த விரல் போன பொண்ணு". பொண்ணு பார்க்க வந்தவர்கள் காபித் தட்டைப் பிடித்த கையையே பார்த்தார்கள். வேறு கம்பெனிக்குப் போனால், "கை சரியில்லையேம்மா" என்பார்கள். சரி, ஊனமுற்றோர் சலுகை கேட்போம் என்று போனால், அதற்கு 40 சதவீதம் வேண்டும். 1995 சட்டத்திலும் அந்தக் கோடுதான், 2016 சட்டத்திலும் அதேதான். வேலை கொடுக்கிறவருக்கு நான் ஊனம், கவர்மென்ட்டுக்கு நான் முழு ஆள். எஸ்டேட்டில் இப்படி நடுவில் நிற்கிறவர்கள் நிறைய.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-ல் வண்டி விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. டாக்டர் பால் பிராண்ட் உற்சாகப்படுத்த, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, 1966-ல் வேலூரில் அதற்கென்று ஒரு நிலையமே எழும்பக் காரணமானார். 1972-ல் பத்மஸ்ரீ. பெரிய மனுஷி, சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்லி "மனசு வைத்தால் முடியும்" என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அடிபட்ட பிறகும் அவரை எல்லாரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். காத்திருந்த ஒரு ஆஸ்பத்திரி இருந்தது, கூட நின்ற ஆட்கள் இருந்தார்கள். பிரஸ்மேனுக்கு விரல் போன மறுநாளே அந்த ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார்.

நொண்டி, மொண்டி என்று கூப்பிட்ட ஊர் இது. அப்புறம் ஊனமுற்றோர் ஆனது. 2010-ல் தமிழக அரசு மாற்றுத்திறனாளி என்று மாற்றியது. நல்ல வார்த்தைதான். என் மாமியார் கடைசிவரை அதை வாய்க்குள் வராமல் "மாத்திரை ஆளு" என்றே சொன்னார்!

நான் குழுவில் சேர்ந்தது 2001-ல். வங்கியில் கணக்கு தொடங்க, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவத்தைத் திருப்பிவிட்டார்கள். பழைய கையெழுத்து ஆள்காட்டி விரலில் பேனா பிடித்துப் போட்டது. புதுசு, நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பேனாவைச் செருகிப் போட்டது. மேனேஜரிடம் கையைக் காட்டினேன். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். எங்கள் ஊக்குநர் அக்காதான், "சார், கையைப் பாக்க வேணாம், பேரைப் பாருங்க, அது மாறல" என்றார். புது மாதிரி கையெழுத்தைப் பதிந்துகொண்டார்கள். தீர்மான நோட்டில் இன்றுவரை அதைத்தான் போடுகிறேன்.

போன வருஷம் நம் உறுப்பினர் ஒருவரின் மகனுக்கு இடது நடுவிரல் நுனி போனது. ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதே அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஈ.எஸ்.ஐ. நம்பர் எங்க இருக்கும்?" என்று கேட்டார். சம்பளச் சீட்டில் தேடி எடுத்தோம். இருந்தது.

அதற்கப்புறம் எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். சேமிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில், வீட்டில் யார் யார் கம்பெனி வேலைக்குப் போகிறார்களோ அவர்கள் பேரும் ஈ.எஸ்.ஐ. நம்பரும் எழுதுகிறோம். நாலு பேர் இன்னும் கொண்டுவரவில்லை. அதில் இரண்டு பேருக்கு நம்பரே போட்டுத் தரவில்லையாம். வரும் கூட்டத்தில் முதலில் அதைத்தான் பேச வேண்டும்.