கப்பி யந்திரங்கள்

பழைய யந்திரத்தை மீட்பவன் எதை மீட்கிறான்? இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்து மரவேலை யந்திரங்கள் இந்தக் கேள்வியைச் சுலபத்தில் விடுவதில்லை.

பாய்மரக் கப்பலில் கயிறு ஓடுவது கப்பியில். 74 பீரங்கிக் கப்பலொன்றுக்கு ஏறத்தாழ 1000 கப்பிகள் தேவை. நெப்போலியனோடு யுத்தம் நடந்த காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு வருஷத்துக்கு லட்சம் கப்பிகள் வேண்டியிருந்தன. மார்க் இசம்பார்ட் புரூனெல் யந்திரங்களுக்குத் திட்டம் வரைந்தார். சாமுவேல் பெந்தாம் கடற்படை நிர்வாகத்தை இசைய வைத்தார். ஹென்றி மாட்ஸ்லி அவற்றை உலோகத்தில் செய்தார். 1802-ல் தொடங்கிய வேலை சில வருஷங்களில் 45 யந்திரங்களாக நின்றது. ரம்பம் எல்ம் கட்டையை அறுத்தது, ஒன்று துளையிட்டது, அடுத்ததன் உளி மேலும் கீழும் பாய்ந்து துளையைப் பள்ளமாக நீட்டியது, இன்னொன்று பத்துக் கட்டைகளைப் பெரிய சக்கரத்தில் இறுக்கி ஒருசேர வடிவம் கொடுத்தது. 1808-ல் 1,30,000 கப்பிகள். 110 தேர்ந்த தொழிலாளிகளின் இடத்தில் 10 பேர், அவர்களும் தொழில் தெரியாதவர்கள்.

பேரேட்டில் இது லாபக் கணக்கு. மீதி 100 பேருக்கு அதில் பத்தி கிடையாது.

யந்திரங்களில் சில 1960கள் வரை ஓடின. சில லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் இன்று அசையாமல் நிற்கின்றன. அவற்றைக் காப்பாற்றியது சரியே. ஆனால் மீட்பு என்பது துருவைச் சுரண்டிப் புது வர்ணம் பூசுவதாக நின்றுவிட்டால் சரித்திரமும் சேர்ந்தே சுரண்டப்படுகிறது. பழைய வர்ணமும் உளித் தடமும் கை பட்டுத் தேய்ந்த பிடியும்தான் அங்கே வேலை பார்த்தவன் விட்டுப்போன ஒரே கையெழுத்து.

இதில் ஒரு முரண் உண்டு. கைத்திறனை வேண்டாததாக்கவே இவை செய்யப்பட்டன. செய்த மாட்ஸ்லியோ சமதளத்தைக் கையாலேயே ராவிச் சுரண்டித் திருத்தியவர். இன்றும் இப்படியொரு பழைய யந்திரத்தை ஓட வைக்க விரும்புகிறவன், தேய்ந்த தாங்கியில் நீலச் சாயம் தடவி, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் கையால் சுரண்டி, மறுபடி பொருத்திப் பார்க்கிறான். நாள்கணக்கில். விரட்டப்பட்ட கை, யந்திரத்தைப் பிழைக்க வைக்கத் திரும்பி வந்திருக்கிறது.

அருங்காட்சியகத்தில் புரூனெலின் பெயர் இருக்கும். மாட்ஸ்லியின் பெயர் இருக்கும். பார்க்கப் போகிறவர் பிடியின் தேய்மானத்தையும் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம்.