மண் மறவாத நஞ்சு



ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தெளிந்த நீரை முகந்து பருகியவர்கள் நம் முன்னோர். கலங்கிய நீரையும் மண் வடித்துத் தரும் என்னும் நம்பிக்கை அவ்வாறே வளர்ந்தது. ஆயினும், மண் ஒரு பொருளைப் பற்றிக்கொள்வது வேறு. அதனை அழிப்பது வேறு. இவ்வேறுபாட்டை உலகிற்கு உணர்த்திய இடங்களுள் ஒன்று, வியட்நாமின் தென்பகுதியில் டொங் நை ஆற்றங்கரையில் அமைந்த பியன் ஹோவா நகராகும்.

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் தென் வியட்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் 7 கோடி லீற்றருக்கு மேற்பட்ட களைநாசினிகளைத் தெளித்தன. பகைவர்க்கு மறைவிடமும் உணவும் இல்லாமற் செய்வதே நோக்கம். அவற்றுட் பெரும்பகுதி, பீப்பாய்களிலே தீட்டப்பட்ட செம்மஞ்சள் நிறப் பட்டையினால் 'ஏஜென்ட் ஒரேஞ்ச்' எனப் பெயர் பெற்றது. அது இரண்டு களைநாசினிகளின் கலவை. அவற்றுள் ஒன்றை ஆக்கும்பொழுது, டையொட்சின் என்னும் கொடிய நஞ்சு வேண்டாப் பொருளாக உடன் தோன்றியது. இக்கலவையைச் சேமித்து விமானங்களில் ஏற்றிய தளங்களுள் முதன்மையானது பியன் ஹோவா. அங்கே பீப்பாய்களிலிருந்து சிந்தியதும் ஒழுகியதும் நிலத்திற் சேர்ந்தன.

களைநாசினிகள் காலப்போக்கிற் சிதைந்தன. டையொட்சின் எளிதிற் சிதையவில்லை. அது நீரிற் கரைவது மிக அரிது. மண்ணிலுள்ள மக்கிய பொருள்களையும் நுண்ணிய களியையும் அது இறுகப் பற்றிக்கொள்ளும். எனவே, குவளையில் முகந்த நீர் தெளிவாகவே காணப்படும். ஆனால், மழை பெய்தால் அந்தக் களி வாய்க்கால் வழியே ஓடிக் குளத்திலும் ஆற்றிலும் சேறாகப் படியும். சேற்றில் வாழும் சிற்றுயிர்களை மீன் உண்ணும். மீனின் கொழுப்பிலே நஞ்சு திரளும். மீனை உண்ட மனிதனிடம் அது வந்து சேரும். இதனாலேயே அத்தளத்தை அண்டிய குளங்களில் மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டது. ஹோ சி மின் நகரின் குடிநீருக்கும் டொங் நை ஆறே ஆதாரம் என்பதை எண்ணும்போது கவலை பெருகுகின்றது.

போர் 1975இல் ஓய்ந்தது. மண்ணில் அது ஓயவில்லை. டா நாங் தளத்தில் 2012இல் துப்புரவுப் பணி தொடங்கியது. மண்ணை அகழ்ந்து, மூடிய அமைப்பினுள் குவித்து, 300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தினால் நஞ்சைச் சிதைத்தனர். 2018இல் அப்பணி நிறைவெய்தியது. பியன் ஹோவாவில் 2019இலேதான் பணி ஆரம்பமாயிற்று. அங்கே கையாளவேண்டிய மண்ணும் சேறும் ஏறக்குறைய 5 இலட்சம் கன மீற்றர் என மதிப்பிடப்பட்டது.

ஒன்பது ஆண்டுகள் தெளித்ததன் எச்சத்தை அகற்ற அரை நூற்றாண்டின் பின்னும் உழைக்க வேண்டியிருக்கின்றது. ஆற்றின் நலனை அறிய விரும்புவோர் நீரை மட்டும் சோதித்தல் போதாது. அதன் கரையையும் அடிச்சேற்றையும் சோதித்தல் வேண்டும். வியட்நாம் மக்கள் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் இதுவேயாகும்.