அளந்தவர்கள் விட்டுச் சென்ற ஆறு

சிங்கப்பூர் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் அதன் கரையோரமாக நடந்து முடித்துவிடலாம். ஆயினும் இருநூறு ஆண்டுகளில் அதன் கரை, ஓட்டம், மணம் யாவும் மாறிவிட்டன. குறிப்பேட்டுடன் அங்கே செல்லும் மாணவர் காண்பது 1819ஆம் ஆண்டின் ஆறன்று. அந்தப் பழைய ஆற்றை நாம் அறிவது, அதனை அளந்து எழுதி வைத்தவர்கள் வழியாகவே. ஆகவே, புவியியல் களப்பணியின் முறைகளை வரலாற்றின் துணையோடு இங்கே ஆராய்வோம்.

களப்பணியின் முதற்பாடம் வரைபடத்தையும் நிலத்தையும் ஒப்பிடுவது. 1822இல் ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழு ஒன்றை நிறுவினார். அதன் விளைவாக லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்த படத்தில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. ஆற்றின் மேற்பகுதியில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோருக்கென ‘சூலியா கம்போங்’ குறிக்கப்பட்டுள்ளது. அது அன்றிருந்த நகரத்தின் படமன்று. இருக்க வேண்டுமெனக் கருதப்பட்ட நகரத்தின் படம். 1836இல் வெளிவந்த கோல்மனின் வரைபடமோ நேரடி நில அளவையிலிருந்து பிறந்தது. இவ்விரண்டையும் ஒரே வகைச் சான்றாகக் கொள்பவர், திட்டத்தை நடப்பாக எண்ணி மயங்குவார்.

கரையும் சொல்லும் செய்தி உண்டு. ஆற்றின் தென்கரை ஒரு காலத்தில் சதுப்பு நிலம். இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்குமிடத்தில் நின்ற சிறு குன்றை வெட்டி, அம்மண்ணைக் கொட்டி அதனை மேடாக்கினர். அங்கே எழுந்ததே போட் கீ. அந்த மேட்டு நிலத்தை இயற்கையின் கொடை என்று எழுதும் மாணவருக்குக் கண் பிழை செய்யவில்லை. வரலாறு தெரியாமையே பிழை செய்கிறது.

அடுத்தது ஆற்றை அளத்தல். ஆற்றின் குறுக்கே கயிறு பிடித்து அகலம் அளக்கிறோம். சம இடைவெளிகளில் அளவுகோலை இறக்கி ஆழம் காண்கிறோம். இரண்டையும் கொண்டு குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிடுகிறோம். பின், கரையில் 10 மீட்டர் தொலைவைக் குறித்துக்கொண்டு, மிதக்கும் பொருள் ஒன்று அதனைக் கடக்கும் நேரத்தைப் பலமுறை அளந்து சராசரி காண்கிறோம். ஆற்றின் அடித்தளமும் கரைகளும் உராய்வால் நீரைத் தடுப்பதால், மேற்பரப்பின் வேகம் பொதுவாகச் சராசரி வேகத்தைவிட மிகுதி. எனவே அதனை ஏறத்தாழ 0.85ஆல் பெருக்குவது வழக்கம். பரப்பை வேகத்தால் பெருக்கினால் நீரோட்ட அளவு கிடைக்கும்.

இந்தக் கணக்கு எங்கும் ஒன்றே. ஆனால் விடையின் பொருள் இடத்தையும் நாளையும் பொறுத்தது. சிங்கப்பூர் ஆறு நெடுங்காலம் கடலின் ஏற்ற வற்றத்துக்கு உட்பட்டிருந்தது. 1869இல் கட்டி முடிக்கப்பட்ட கேவனா பாலம் தாழ்வானது. நீர் ஏறியிருக்கும்போது தொங்கான்கள் அதன் அடியில் நுழைய இயலாமல், நீர் வற்றும் வரை காத்திருந்தன. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. கடல் வெளியே நின்றது; ஆறு நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாயிற்று. பழைய அளவுக் குறிப்பு ஒன்றில் நாளும் நேரமும் இல்லையெனில், அது ஏறும் நீரை அளந்ததா, வற்றும் நீரை அளந்ததா என்று இன்று யாராலும் சொல்ல இயலாது. நாள், நேரம், இடம், வானிலை ஆகிய நான்கையும் குறிப்பேட்டின் தலைப்பில் எழுதச் சொல்வது இதனால்தான்.

காலாங் ஆறும் இதையே கற்பிக்கிறது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவை ஒட்டி அது 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அதனை 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்தோடும் ஆறாக மாற்றி அமைத்து 2012இல் திறந்தனர். அந்த வளைவுகளில் நீரின் வேகத்தை மாணவர் அளக்கலாம். உள்வளைவில் மெதுவாகவும் வெளிவளைவில் விரைவாகவும் ஓடுகிறதா என்று சோதிக்கலாம். ஆனால் அந்த வளைவு எப்போது, யாரால் உண்டானது என்ற வினாவுக்கு அளவுநாடாவில் விடை இல்லை. அதற்குப் பழைய வரைபடத்தைத் தேட வேண்டும்.

நகர ஆய்வுக்கும் இதுவே நெறி. ஒரு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, ஒவ்வொரு கட்டடத்தின் பயனையும் தளம் தளமாகக் குறித்து, நிலப்பயன் வரைபடம் வரைகிறோம். மார்க்கெட் ஸ்திரீட்டில் இன்று இதைச் செய்தால் அலுவலகக் கோபுரங்களே கிடைக்கும். செட்டியார்களின் கிட்டங்கிகள் அங்கு இருந்தன என்பதைக் கட்டடங்கள் சொல்லமாட்டா. பழைய படங்களும் முதியோர் நினைவும்தான் சொல்லும். ஆற்றுத் தூய்மைப் பணி 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்தது. 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. அதற்கு முந்தைய ஆற்றின் மணத்தையும் ஓசையையும் அறிந்தோர் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டறிவதும் அளவீட்டுக்கு இணையான களப்பணியே.

தாமதித்தால் சான்று அழியும். ஆற்றின் முகத்துவாரத்தில் பழங்கால எழுத்துகள் பொறித்த பெரும்பாறை ஒன்று நின்றது. 1843இல் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் எழுத்துகளை உறுதியாகப் படித்தறிந்தவர் இன்றுவரை எவருமிலர்.

பாறைக்கு நேர்ந்தது அறிவுக்கும் நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஆற்றில் சரக்குப் படகு செலுத்தியோரில் தமிழ் முஸ்லிம்கள் பலர். எங்கே மணல் திட்டு, எந்நேரம் நீர் ஏறும், எந்தத் துறையில் படகு தட்டும் என்பனவற்றை அன்றாடம் அறிந்திருந்தால்தான் அத்தொழில் நடக்கும். நில அளவையாளரின் வரைபடங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. படகோட்டிகளின் அறிவோ அவர்களோடு போயிற்று. சூலியா ஸ்திரீட் என்ற பெயர் மட்டும் எஞ்சியது. அவர்கள் அறியாதவர்களாக இருந்ததால் அவர்களது ஆறு மறையவில்லை, எழுதப்படாததால் மறைந்தது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். களப்பணிக் குறிப்பு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. நாளைய வரலாற்றாசிரியருக்கு நாம் எழுதும் கடிதம் அது. பள்ளிக்கு வேண்டிய அறிக்கை எம்மொழியில் அமைந்தாலும், ஒரு பக்கமேனும் தமிழில் எழுதுங்கள். ஓதம், வற்றம், துறை, திட்டு, கழிமுகம் என ஆற்றுக்குரிய சொற்கள் நம்மிடம் நிறையவே உள்ளன. அவை ஆற்றங்கரையில் நின்று எழுதப்படும்போதுதான் உயிரோடிருக்கும்.